மாநகராட்சி ஆகட்டும்... ஊர் ஜனங்களைக் கேட்டீங்களா?



2024 ஆகஸ்ட்டில் நம்ம திருவண்ணாமலை நகராட்சி மாநகராட்சி ஆனது. சுற்றியுள்ள ஊராட்சிகளையும் அதோடு சேர்க்க அரசு முடிவெடுத்தது. இதில் நியாயமே இல்லைன்னு நாங்க சொல்லலை. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை நகரத்திலும் போகுது, அடிஅண்ணாமலை மாதிரி கிராமத்திலும் போகுது. பௌர்ணமிக்கு வர்ற கூட்டம் போட்டுட்டுப் போற குப்பைக்கு ஊராட்சி எல்லை தெரியுமா?

ஆனா கிராமத்து வாக்காளர் எதை இழக்கிறார்னு பாருங்க. ஊராட்சித் தலைவருக்கு அவரே நேரடியா ஓட்டுப் போட்டார். மேயரைக் கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுப்பாங்க. (1996-ல் மேயருக்கும் மக்களே ஓட்டுப் போட்டாங்க. அப்புறம் ரெண்டு கழகமும் விதியை மாத்தி மாத்தி, 2022-ல் மறைமுகத் தேர்தல்தான் நடந்தது.) வருஷத்துக்கு 6 முறை கூடுற கிராம சபையும் போயிடும். அங்கே வாக்காளர் எல்லாருமே உறுப்பினர், எழுந்து நின்னு வரவு செலவு கேட்கலாம். நகரத்துக்கு ஏரியா சபை இருக்கேன்னு சொல்வாங்க. உங்க தெருவுக்குக் கடைசியா எப்போ கூடுச்சு, சொல்லுங்க பார்ப்போம்! ஊரக வேலை உறுதித் திட்டமும் கிராமத்துக்கு மட்டும்தான்.

இதுக்கு நடுவுல 2025 ஜனவரி 5-ல் நம்ம மாவட்ட ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலமும் முடிஞ்சு, தனி அலுவலர் கைக்கு நிர்வாகம் போனது. ஊருக்காகப் பேசவே ஆள் இல்லை.

எல்லாத்துக்கும் வாக்கெடுப்பு வைக்கச் சொல்லலை. தெருவிளக்கு டெண்டர், தீபத் திருவிழா ஏற்பாடு இதையெல்லாம் பிரதிநிதிகளே முடிவு பண்ணட்டும், அதுக்குத்தான் அவங்களை அனுப்புறோம். ஆனா ஒரு ஊராட்சி இருக்கணுமா வேண்டாமாங்கறது வேற விஷயம். அந்தப் பிரதிநிதியையே இல்லாம ஆக்குற முடிவு அது.

மதுரை அரிட்டாபட்டி டங்ஸ்டன் விவகாரத்தில் கிராம சபைகள் தீர்மானம் போட்டன. 2024 டிசம்பரில் சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. மக்களும் பிரதிநிதிகளும் ஒரே குரலில் பேசினாங்க, டெல்லி கேட்டது.

எங்கள் கோரிக்கை இதுதான்: இந்த மாநகராட்சிக்குத் தேர்தல் வருவதற்கு முன், சேர்க்கப்படும் ஒவ்வொரு ஊரிலும் ரகசிய வாக்கெடுப்பு நடத்துங்க. ஊர் வேண்டாம்னு சொல்லியும் அரசு சேர்க்க நினைத்தால், அதற்கான காரணத்தைச் சட்டமன்றத்தில் எழுத்துபூர்வமாக வைக்கணும். ஓட்டுக் கேட்டு வர்றவங்ககிட்ட, எங்க கட்சிக்காரங்க உட்பட, இதைக் கேளுங்க.

#கிராமசபை #திருவண்ணாமலை