இலக்கமெல்லாம் தொகையாகுமா?

பள்ளி அலுவலகம் முதல் வங்கிக் கிளை வரை, மனிதர்களைப் பற்றிய விவரங்களை எக்செல் விரிதாளில் பதிந்து, அவற்றைச் சரிபார்க்கும் பொறுப்பை மேக்ரோ என்னும் சிறு நிரலிடம் ஒப்படைப்பது சகஜமாகிவிட்ட இக்காலத்தில், அந்நிரலை எழுதுவோர் ஒரு பேதத்தை மனத்தில் உறுதியாகக் கொள்ள வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். சம்பளம் கூட்டவும் கழிக்கவும் தக்க தொகை. 12 இலக்க ஆதார் எண்ணோ ஒரு மனிதரைச் சுட்டும் அடையாளமேயன்றித் தொகையன்று.

இப்பேதத்தை மறந்தவர்கள், ஒரு பதிவில் இருப்பவை யாவும் இலக்கங்கள்தாமா என்று அறிய, மேக்ரோ எழுதப் பயன்படும் விபிஏ மொழியின் ‘இஸ்நியூமரிக்’ என்ற சார்பை நாடுகிறார்கள். அதுவோ, கொடுத்ததை எண்ணாக மாற்ற இயலுமா என்ற வினாவுக்கு மட்டுமே விடை சொல்வது. ஆதலால், கழித்தற்குறியையும் தசமப் புள்ளியையும் தடையின்றி ஏற்பதோடு, 12க்கும் 45க்கும் நடுவே ‘இ’ என்ற ஆங்கில எழுத்து நிற்கும் மாணவர் பதிவெண்ணையும், 12ஐப் பத்தின் 45ஆம் அடுக்கால் பெருக்கினால் வரும் பிரம்மாண்டமான எண்ணாகப் பாவித்து, ‘சரி’ என்று அனுப்பிவிடுகிறது. எதுவும் எழுதப்படாத கட்டமும் அதன் கண்ணுக்கு எண்ணே.

பரிகாரம் கடினமானதன்று. 0 முதல் 9 வரையிலான இலக்கங்களில் சேராத குறி ஒன்றேனும் பதிவில் உண்டா என்று ‘லைக்’ என்ற ஒப்பீட்டுச் சொல்லால் வினவி, இல்லையென்று தெரிந்தால் மட்டும் ஏற்க வேண்டும். வெற்றுப் பதிவும் இச்சோதனையில் தேறிவிடுமாதலால், அஞ்சல் குறியீட்டுக்கு 6, கைப்பேசிக்கு 10 என்று நீளத்தையும் உடன் சோதிப்பது அவசியம்.

சோதனையில் தேறியதை எண்ணாக மாற்றாமல் எழுத்து வடிவிலேயே காப்பதும் அதே அளவு முக்கியம். எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களையே பிசகின்றி வைத்திருக்குமாதலால், 16 இலக்க அட்டை எண்ணின் கடைசி இலக்கம் 0 ஆகிவிடும். கணக்கு எண்ணின் முன்னிற்கும் சுழியங்கள் மறைந்தே போகும். விபிஏயின் ‘லாங்’ என்ற முழு எண் வகைக்கோ 2,147,483,647தான் உச்சவரம்பு. நம் நாட்டுக் கைப்பேசி எண்கள் எல்லாம் அதற்கு மேற்பட்டவை.

இரண்டு வரி நிரலுக்கு இத்தனை விசாரம் அநாவசியம் என்று கருதுவோர், ஓர் இலக்கம் பிசகியதால் உதவித்தொகை வந்து சேராத மாணவரின் நிலையைச் சிந்திக்க வேண்டும். அவர் அந்த நிரலைப் பார்த்தவருமல்லர். அதைத் திருத்த வல்லவருமல்லர். வல்லமை எழுதுபவரிடம் இருக்கிறது; கடமையும் அவருடையதே.