சத்தம் வரவில்லையா? உடனே ஃபார்மட் போடாதீர்கள்!

கம்ப்யூட்டரில் சத்தம் வரவில்லை என்று கடைக்குக் கொண்டு போனால் அங்கே கிடைக்கும் மருந்து ஒன்றே ஒன்றுதான். "ஃபார்மட் போட்டுடலாம் சார்." காய்ச்சலா, தலைவலியா, கால் சுளுக்கா, எதுவானாலும் ஒரே ஊசி. அதிலும் லினக்ஸ் என்று தெரிந்துவிட்டால் இன்னொரு வரியும் சேர்ந்து வரும். "இதெல்லாம் அப்படித்தான் சார், பேசாம விண்டோஸ் போட்டுக்குங்க." இந்தப் பழக்கத்தை எதிர்த்துத்தான் இன்று எழுதுகிறேன். கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன். காரணம் இருக்கிறது.

என் நண்பர் ஒருவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். பெயர் வேண்டாம், வாத்தியார் என்றே சொல்கிறேன். அவருடைய பழைய டெஸ்க்டாப்பில் லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தது நான்தான். அவர் மனைவி காலமாகி மூன்று வருடம் ஆகிறது. அந்த அம்மா நன்றாகப் பாடுவார். தாலாட்டு, கும்மி, நலுங்குப் பாட்டு என்று எத்தனையோ அவருக்குப் பாடம். அவர் இருக்கும்போதே வாத்தியார் ஒரு சின்ன மைக் வாங்கி, ஒவ்வொன்றாகப் பாடச் சொல்லிப் பதிவு செய்து வைத்திருந்தார். சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு அதில் ஒன்றைப் போட்டுக் கேட்பது அவர் வழக்கம்.

போன தீபாவளிக்கு அவருடைய மகன் புது மானிட்டர் வாங்கி மாட்டிவிட்டுப் போனார். இரண்டு நாள் கழித்துப் பாட்டைப் போட்டால் சத்தம் இல்லை. நான் அப்போது பெங்களூரில் மகள் வீட்டில் இருந்தேன். தொந்தரவு செய்ய வேண்டாம் என்று வாத்தியார் சி.பி.யு. பெட்டியை மட்டும் ஆட்டோவில் வைத்து ஒரு கடைக்குக் கொண்டு போயிருக்கிறார். "முக்கியமா ஏதாவது இருக்கா சார்?" என்று கேட்டார்களாம். ஃபார்மட் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. "சத்தம் வந்தா போதும்பா" என்று சொல்லியிருக்கிறார்.

ஃபார்மட் போட்டு, லினக்ஸையே திரும்ப ஏற்றி, கடையில் இருந்த பழைய மானிட்டரில் மாட்டிக் காட்டினார்கள். சத்தம் வந்தது. பணம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து மாட்டினால், மறுபடியும் சத்தம் இல்லை.

நான் ஊருக்குத் திரும்பிய அன்றே போய்ப் பார்த்தேன். ஐந்து நிமிட வேலை. பழைய மானிட்டருக்கு நீல முனை கொண்ட வி.ஜி.ஏ. வயர். அதில் படம் மட்டும்தான் போகும். புது மானிட்டருக்கு எச்.டி.எம்.ஐ. வயர். அதில் படத்தோடு சத்தமும் போகும். கம்ப்யூட்டர் சத்தத்தை அந்த வயர் வழியாக மானிட்டருக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அந்த மானிட்டரிலோ ஸ்பீக்கரே கிடையாது. செட்டிங்ஸில் சவுண்ட் என்ற இடத்தைத் திறந்து, அவுட்புட் பட்டியலில் எச்.டி.எம்.ஐ.க்குப் பதிலாக அனலாக் ஸ்டீரியோ என்பதைத் தொட்டேன். மேஜை மேல் இருந்த ஸ்பீக்கர் பேசியது. கடையில் சத்தம் வந்ததற்கும் ஃபார்மட்டுக்கும் சம்பந்தமே இல்லை. அங்கே இருந்தது வி.ஜி.ஏ. மானிட்டர், அவ்வளவுதான்.

வாத்தியார் மெதுவாகச் சொன்னார். "சத்தம் வந்துடுச்சு சார். கேக்கறதுக்கு வச்சிருந்ததுதான் போயிடுச்சு."

அன்றிலிருந்து எனக்குள் இருக்கும் கோபம் இது.

நான் தொலைபேசித் துறையில் 34 வருடம் வேலை பார்த்தவன். 198-க்கு போன் செய்து "டயல் டோன் இல்லை" என்று புகார் கொடுத்த காலம் உங்களுக்கு நினைவிருக்கும். புகார் வந்தவுடன் நாங்கள் வீட்டிலிருக்கும் போனைத் தூக்கிப்போட்டுப் புதுப் போன் வைக்கவில்லை. எக்ஸ்சேஞ்சில் எம்.டி.எஃப். என்ற சட்டத்தில் லைனைப் பிரித்து, எக்ஸ்சேஞ்ச் பக்கம் டோன் இருக்கிறதா என்று முதலில் பார்ப்போம். இருந்தால் கோளாறு வெளியே. பிறகு கேபினெட், அதன் பிறகு டி.பி. பெட்டி, கடைசியில் வீட்டு வயர். வழியை இரண்டாகப் பிரி, நல்ல பாதியை விடு, மிச்சத்தை மறுபடி இரண்டாகப் பிரி. புதிதாகச் சேர்ந்த லைன்மேனுக்குக் கூட இது தெரியும். கம்ப்யூட்டர் சத்தமும் அதே போல ஒரு லைன்தான்.

அந்த லைனை நீங்களே பார்க்கலாம். பயப்பட ஒன்றுமில்லை.

முதலில் ஸ்பீக்கர். அதன் பின்னைக் கழற்றி செல்போனில் செருகி ஒரு பாட்டைப் போடுங்கள். பாடினால் ஸ்பீக்கர் நல்லது. திரும்ப மாட்டும்போது பெட்டியின் பின்பக்கம் பச்சை ஓட்டையில் மாட்டுங்கள். ரோஸ் நிறம் மைக்குக்கு, நீலம் வெளியிலிருந்து சத்தம் உள்ளே வர. பெருக்கித் துடைக்கும்போது பின் பிடுங்கிக்கொண்டு, ஓட்டை மாற்றிச் செருகப்பட்ட வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, மேலே சொன்ன அவுட்புட் பட்டியல். எச்.டி.எம்.ஐ., டிஸ்ப்ளேபோர்ட் என்றெல்லாம் இருந்தால் அது மானிட்டருக்குப் போகும் வழி. ஸ்பீக்கருக்குப் போவது அனலாக்.

மூன்றாவது, பாவுகண்ட்ரோல் என்று ஒரு சின்ன மென்பொருள் இருக்கிறது. அதைத் திறந்து வைத்துக்கொண்டு பாட்டைப் போடுங்கள். பாட்டுக்கு ஏற்ப ஒரு பட்டை துள்ள வேண்டும். துள்ளினால் பாட்டுப் போடும் மென்பொருள் தன் வேலையைச் செய்கிறது, கோளாறு அதற்குக் கீழே. துள்ளாவிட்டால் மேலே. எங்கள் எம்.டி.எஃப். சோதனை இதுதான்.

நான்காவது, டெர்மினலில் ஆல்சாமிக்ஸர் என்பதை ஆங்கிலத்தில் சின்ன எழுத்துகளில், இடைவெளி விடாமல் அடித்தால் வரிசையாகத் தூண்கள் தெரியும். எஃப்6 அழுத்தி உங்கள் சவுண்ட் கார்டைத் தேர்ந்தெடுங்கள். தூணின் அடியில் இரண்டு எம் எழுத்து இருந்தால் அது மூடியிருக்கிறது, இரண்டு பூஜ்யம் இருந்தால் திறந்திருக்கிறது. எம் விசையைத் தட்டினால் திறக்கும். அங்கேயே ஆட்டோ மியூட் என்று ஒன்று இருக்கும். முன்பக்கம் ஹெட்போன் செருகினால் பின்பக்க ஸ்பீக்கரைத் தானே அடைத்துவிடும் ஏற்பாடு அது. முன்பக்க ஓட்டை பழுதாகி, ஹெட்போன் இல்லாமலேயே இருப்பதாக நினைத்துக்கொண்டால் ஸ்பீக்கர் ஊமையாகிவிடும். அந்த ஏற்பாட்டை அணைத்துப் பாருங்கள்.

ஐந்தாவது, அவுட்புட் பட்டியலில் டம்மி அவுட்புட் என்று மட்டும் இருந்தால் சவுண்ட் கார்டே கண்ணில் படவில்லை என்று பொருள். அப்போது பயாஸில் ஆடியோ அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்டேட் செய்த மறுநாள் வந்த கோளாறு என்றால், கம்ப்யூட்டர் தொடங்கும்போது வரும் பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம். அதில் சத்தம் வந்தால் குற்றவாளி புதுக் கெர்னல்.

ஆறாவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். லினக்ஸை ஒரு பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். இன்ஸ்டால் என்பதைத் தொடாதவரை உங்கள் டிஸ்க்கில் ஒரு எழுத்துகூட மாறாது. அதிலும் சத்தம் இல்லையென்றால் ஃபார்மட் போட்டும் வரப் போவதில்லை. அதில் சத்தம் வந்தால் கருவி நன்றாக இருக்கிறது, கோளாறு அமைப்பில்தான், தேடித் திருத்தலாம். வாத்தியாரின் பெட்டியை அவர் வீட்டில், அவர் மானிட்டரோடு இப்படி ஓட்டிப் பார்த்திருந்தால், பத்து நிமிடத்தில் விஷயம் வெளியே வந்திருக்கும். சோதனை என்றால் கோளாறு இருக்கும் இடத்தில், கோளாறு இருக்கும் நிலையில் செய்வது. பாதியை வீட்டில் விட்டுவிட்டு மீதியைக் கடையில் வைத்துப் பார்ப்பதற்குப் பெயர் சோதனை இல்லை.

"ஐம்பது நூறுக்கு இவ்வளவு நேரம் செலவழிக்க முடியுமா சார்?" என்று கடைக்காரத் தம்பி கேட்கலாம். நியாயமான கேள்வி. கடை வாடகை, கரண்ட் பில் எல்லாம் அவருக்கும் உண்டு. என் பதில் இதுதான். கோளாறைக் கண்டுபிடிக்கத் தனியாகக் கூலி கேளுங்கள், 300 ரூபாய் கேளுங்கள், கொடுக்கிறோம். டாக்டருக்கு ஃபீஸ் கொடுக்காமலா வருகிறோம்? ஆனால் கண்டுபிடிக்காமல் அழித்துவிட்டு அதற்குக் கூலி வாங்காதீர்கள். வேறு வழியே இல்லை, ஃபார்மட்தான் என்றால், முதலில் ஹோம் ஃபோல்டர் முழுவதையும் வேறு டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். "முக்கியமா ஏதாவது இருக்கா" என்று கேட்பது போதாது. எது அழியப் போகிறது என்று சொல்லிவிட்டுக் கேட்க வேண்டும்.

லினக்ஸ் செய்பவர்களையும் நான் விடப் போவதில்லை. முதலில் ஓ.எஸ்.எஸ். என்றார்கள். 2003-ல் வந்த 2.6 கெர்னலோடு ஆல்சா என்றார்கள். 2008-ல் உபுண்டு 8.04-இல் பல்ஸ் ஆடியோ வந்து, நிறைய வீடுகளில் சத்தம் நின்று போனது. 2021-ல் ஃபெடோரா 34, 2022-ல் உபுண்டு 22.10, 2024-ல் மின்ட் 22 என்று ஒவ்வொன்றாக பைப்வயருக்கு மாறிவிட்டன. பைப்வயர் நல்ல வேலை, ஒத்துக்கொள்கிறேன். பல்ஸ் ஆடியோவுக்கென்று எழுதிய மென்பொருள்கள் அதன் மேலேயே ஓடுகின்றன. பாவுகண்ட்ரோல் இன்றும் வேலை செய்வது அதனால்தான். ஆனால் அடித்தளத்தை இத்தனை முறை மாற்றியவர்கள், "உங்கள் சத்தம் இப்போது மானிட்டருக்குப் போகிறது, ஸ்பீக்கருக்கு மாற்றட்டுமா?" என்று ஒரே ஒரு வரி திரையில் கேட்டிருக்கக் கூடாதா? டம்மி அவுட்புட் என்று எழுதி வைத்தால் எழுபது வயதுக்காரருக்கு என்ன புரியும்?

லினக்ஸ் தெரிந்த இளைஞர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். யாராவது உதவி கேட்டால், எந்த வருடத்து லினக்ஸ் என்று கேட்காமல் பத்து வரிக் கட்டளையை அனுப்பி "இதை ஒட்டுங்க அங்கிள்" என்கிறீர்கள். பல்ஸ் ஆடியோ காலத்துக் கட்டளை பைப்வயர் பெட்டியில் என்ன செய்யும் என்று நீங்கள் யோசிப்பதில்லை. பழைய ரயில்வே அட்டவணையைப் பார்த்து ஸ்டேஷனுக்குப் போகச் சொல்வது போல இருக்கிறது.

"அப்போ விண்டோஸே போட்டுக்கலாமே" என்பவர்களுக்கு: இந்த எச்.டி.எம்.ஐ. கோளாறு அங்கேயும் அப்படியே வரும். போதாததற்கு விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 பழைய பெட்டிகளை ஏற்றுக்கொள்வதில்லை. நன்றாக ஓடும் கம்ப்யூட்டரைப் பழைய இரும்புக்குப் போடச் சொல்வதற்கு எனக்கு மனம் வரவில்லை.

கடைசியாக நம்மிடம் வருகிறேன். "நமக்கெதுக்கு இதெல்லாம்" என்று சொல்லிச் சொல்லியே நாம் பெட்டியைத் தூக்கிக் கொடுத்துவிடுகிறோம். மாவு மில்லுக்குப் போனால் அரைக்கும் வரை கூடவே நிற்கிறோம். நகையைப் பாலிஷ் போடக் கொடுத்தால் எதிரிலேயே உட்காருகிறோம். வாழ்நாள் முழுவதும் சேர்த்தது இருக்கும் பெட்டியை மட்டும் வைத்துவிட்டு வந்துவிடுகிறோம். பதிவுகளை இன்னொரு டிஸ்க்கில் எடுத்து வைக்காமல் விட்டதில் என் பங்கும் இருக்கிறது. லினக்ஸ் போட்டுக் கொடுத்த அன்றே அதை நான் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை.

ஃபோட்டோரெக் என்று ஒரு மென்பொருள் உண்டு. அழிந்த டிஸ்க்கைத் துழாவி, மேலே வேறு எதுவும் எழுதப்படாத பகுதிகளிலிருந்து ஃபைல்களை எடுத்துத் தரும். பெயர் திரும்பி வராது, உள்ளே இருப்பது மட்டும் வரும். வாத்தியாரின் பெட்டியைப் பென்டிரைவிலிருந்து ஓட்டி, வேறொரு டிஸ்க்கில் சேமிக்கும்படி வைத்து, இரண்டு நாள் ஓட விட்டேன். கிடைத்த ஆடியோ ஃபைல்களை ஒவ்வொன்றாக இருவரும் உட்கார்ந்து கேட்டோம். அந்த அம்மாவின் குரல் மூன்றில் இருந்தது. ஒன்று தாலாட்டு, பாதியில் நின்றுவிடுகிறது. ஒன்றில் பாட்டே இல்லை. "இப்பப் பாடட்டுமா, வேண்டாமா?" என்று கேட்பது மட்டும் பதிவாகியிருக்கிறது. வாத்தியார் அதைத்தான் அடிக்கடி போட்டுக் கேட்கிறார்.

உங்கள் வீட்டிலும் யாருடைய குரலாவது கம்ப்யூட்டரில் இருக்கும். இந்தப் பதிவைப் படித்து முடித்ததும் அதை வேறு ஒரு டிஸ்க்கிலோ பென்டிரைவிலோ எடுத்து வையுங்கள். நாளைக்கு என்று தள்ளிப் போடாதீர்கள். சத்தம் நின்று போனால், கடைக்குப் போகும் முன் மேலே சொன்ன ஆறையும் பாருங்கள். மின்ட் ஏற்றிய பென்டிரைவ் என்னிடம் இரண்டு இருக்கிறது. எங்கள் பகுதி நண்பர்கள் யார் வேண்டுமானாலும் வீட்டுக்கு வந்து வாங்கிப் போகலாம். காலை பத்து மணிக்கு மேல் வந்தால் காப்பியும் உண்டு.