கடைசியில் சாப்பிடுபவர்



நம் வீடுகளில் பகற் சாப்பாடு எப்படி நடக்கிறது என்று சற்று எண்ணிப் பாருங்கள். முதலில் ஆண்கள், அடுத்துப் பிள்ளைகள். எல்லோரும் எழும்பிய பிறகே உம்மா உட்காருவார். அப்போது சட்டியில் ஆணமும் இரண்டொரு கிழங்குத் துண்டும்தான் மிஞ்சியிருக்கும். சாப்பிட்ட கையோடு ஒரு கோப்பை பிளேன்டீ.

என் வீட்டிலும் இதுவே வழக்கம். மனைவி மூன்றாவது பிள்ளையைச் சுமந்திருந்தபோது, கிளினிக்கில் இரத்தம் சோதித்து ஹீமோகுளோபின் 9 என்றார்கள். கர்ப்பிணிக்கு 11க்குக் குறைந்தால் இரத்தச்சோகை. "வீட்டுக்கு எல்லாம் வாங்கிக் கொடுக்கிறேனே" என்றேன். "வாங்கிக் கொடுப்பது சரி மௌலவி, அவ சாப்பிடுறாவா என்று பார்த்தீங்களா?" என்று குடும்பநல உத்தியோகத்தர் கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை.

2001இல் அமெரிக்க நிபுணர்கள் வகுத்த அளவின்படி, ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு 8 மில்லிகிராம் இரும்புச்சத்துப் போதும். மாதவிடாய் வரும் வயதுப் பெண்ணுக்கு 18, கர்ப்பிணிக்கு 27 வேண்டும். அதிகம் தேவைப்படுபவருக்கே நாம் மிச்சத்தைக் கொடுக்கிறோம்!

உண்பது மட்டும் போதாது. உடம்பில் சேரவும் வேண்டும். இறைச்சி, ஈரல், மீனிலுள்ள இரும்பு இலகுவில் சேரும். கீரையிலும் பருப்பிலும் உள்ளது குறைவாகவே சேரும். ஆனால் சுண்டிய கீரையில் தேசிக்காய்ப் புளி விட்டாலோ, சாப்பாட்டோடு ஒரு கொய்யாப்பழம் தின்றாலோ கூடுதலாகச் சேரும். தேயிலைச் சாயம் அதைத் தடுத்துவிடும். ஆகவே பிளேன்டீயைச் சாப்பிட்டு ஒன்றிரண்டு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். கிளினிக்கில் தரும் இரும்பு மாத்திரையையும் கல்சியம் மாத்திரையையும் ஒரே நேரத்தில் விழுங்காதீர்கள். குமட்டுகிறது என்று மாத்திரையை ஒளித்து வைக்காமல், கிளினிக்கில் சொல்லி வழி கேளுங்கள்.

இதை வாசிக்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. பாலூட்டும் தாயின் உணவையும் உடையையும் குழந்தையின் தந்தை மீது அல்லாஹ் பொறுப்பாக்கியிருப்பதை அல்பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனத்தில் காண்கிறோம். சாமான் பையை அடுப்படியில் வைத்ததோடு அந்தப் பொறுப்பு முடிந்துவிடுமா?

இன்று பகல், முதல் துண்டை உம்மாவுக்கு என்று எடுத்து வைத்துவிட்டுப் பரிமாறுங்கள். முடிந்தால் எல்லோரும் ஒன்றாகவே உட்காருங்கள்.