‘சேமி’ என்று எழுதத் தெரியாத பொத்தான்

பைத்தானில் ஒரு சின்ன ஜன்னல் செய்து, அதில் ஒரு பொத்தான் வைத்து ‘சேமி’ என்று எழுதிப் பாருங்கள். விண்டோஸில் ஒழுங்காகத் தெரியும். அதே நிரலை லினக்ஸில், டிக்கிண்டரும் டிகே 8.6 பதிப்பும் கொண்டு ஓட்டினால், ‘ச’வுக்கு முன்னால் நிற்கவேண்டிய கொம்பு பின்னால் போய் ‘மி’யோடு ஒட்டிக்கொண்டு நிற்கும்.

இதைக் காட்டினால் உடனே வாற பதில்: “தமிழ் கணினிக்குச் சரிவராது, இங்கிலிஷில போடு.” இந்தப் பதிலைத்தான் நாங்கள் எதிர்க்கிறோம். பிழை தமிழில் இல்லை, பைத்தானிலும் இல்லை.

டிக்கிண்டர் தானாக எதையும் வரைவதில்லை. அது ஒரு பிணைப்பு. நாங்கள் பைத்தானில் எழுதுவதை, சி மொழியில் எழுதித் தொகுத்து வைத்த டிகே நூலகத்துக்குக் கொண்டுபோய்க் குடுக்கிறதுதான் அதன் வேலை. யூனிகோடில் கொம்பு, மெய்க்குப் பின்னால்தான் சேமிக்கப்படும். திரையில் அதை முன்னால் நகர்த்துவது எழுத்து வடிவமைக்கும் பகுதியின் பொறுப்பு. லினக்ஸில் டிகே அந்த வேலையைச் செய்வதில்லை. க்யூடி, ஹார்ஃப்பஸ் என்ற நூலகத்தைக் கொண்டு செய்கிறது. அதனால் பைக்யூடியில் எழுதுபவருக்குச் ‘சேமி’ சும்மாவே சரியாக வரும்.

அருவியாற்றைத் தேக்கம் அணைக்கட்டில் மறித்துத்தான் கட்டுக்கரைக்குளத்துக்குத் தண்ணி வருகுது. குளத்தில் இல்லாத தண்ணியை வாய்க்கால் வயலுக்குக் கொண்டுவராது. பிணைப்பும் அப்படித்தான். ஆனால் வாய்க்கால் இல்லாவிட்டால் நிறைஞ்ச குளத்தாலும் வயலுக்குப் பயனில்லை.

வாய்க்கால் யாருடையது என்பதும் சின்ன விசயம் இல்லை. பைக்யூடி 1998இல் வந்தது. அது ஜிபிஎல் அல்லது வணிக உரிமத்தில் கிடைக்கிறது. பின்னாளில் க்யூடியை வைத்திருந்த நோக்கியா, எல்ஜிபிஎல் உரிமத்தில் ஒரு பிணைப்பு வேண்டுமென்று கேட்டு, பைக்யூடிக்காரரோடு உடன்பாடு வராததால், 2009இல் பைசைடு என்று இன்னொன்றையே செய்து வெளியிட்டது. அவ்வளவு பெரிய கம்பனியே மற்றவரின் பிணைப்பை நம்பி இருக்க விரும்பவில்லை. நாங்கள் மட்டும் ஏன் வந்ததை வாங்கிக்கொண்டு இருக்கவேணும்?

முத்து அண்ணாமலையின் ‘எழில்’, தமிழ்ச் சொற்களிலேயே நிரல் எழுதலாம் என்று காட்டிய மொழி. அதை மதிக்கிறோம். ஆனால் ‘பதிப்பி’ என்று கட்டளை எழுதத் தெரிந்தால் மட்டும் போதாது, அது திரையில் ஒழுங்காக விழவும் வேணும். அந்த வேலை கீழே, சி மொழியில் இருக்கு. அங்கே இறங்குகிற தமிழ்ப் பெடியளும் பெட்டையளும் குறைவு.

உயர்தரத்துக்குப் பைத்தான் படிக்கிற தம்பி தங்கச்சிமாருக்கு எங்கட வேண்டுகோள் இதுதான். எந்தப் பிணைப்பை எடுத்தாலும் முதலில் ‘சேமி’, ‘கொடு’, ‘போ’ மூன்றையும் போட்டுச் சோதியுங்கள். உடைந்தால் படம் எடுத்து, அந்தத் திட்டத்தாருக்கு வழு அறிக்கை அனுப்புங்கள். பிறகு கொஞ்சம் சி படியுங்கள். தமிழ் வாசிக்கிற ஆள் முறையிடாவிட்டால், கொம்பு இடம்மாறி நிற்பது வேறு யாருக்குத் தெரியப்போகுது?