இருபது வருடச் சுருட்டு

சுருட்டு என்றாலே நம் ஊரில் முகம் சுளிப்பார்கள். தாத்தா திண்ணையில் உட்கார்ந்து பிடித்த திருச்சிச் சுருட்டின் நெடி அத்தனை சீக்கிரம் மூக்கை விட்டுப் போகாது. அதையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். 1887-ல் வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலிலேயே திருச்சிச் சுருட்டின் சாம்பல்தான் ஒரு துப்பு. ஆனால் இன்று சொல்ல வந்தது கியூபாச் சுருட்டைப் பற்றி, அதிலும் வருடக்கணக்கில் வைத்திருந்து பிடிக்கும் சுருட்டைப் பற்றி.

கப்பலில் வேலை பார்த்த காலத்தில் கியூபா போவது அபூர்வம். அங்கே சரக்கு ஏற்றி இறக்கிய கப்பல் அடுத்த 180 நாள் அமெரிக்கத் துறைமுகத்தில் சரக்கைத் தொட முடியாது என்று 1992-ல் அமெரிக்கா சட்டம் போட்டிருந்தது. எந்தக் கம்பெனி அந்தச் சங்கடத்தை விரும்பும்? எனக்கு 2001-ல் ஒரே ஒரு தடவை ஹவானா வாய்த்தது. காபிடோலியோ கட்டடத்துக்குப் பின்னால் பார்த்தகாஸ் தொழிற்சாலை; முகப்பிலேயே 1845 என்று போட்டிருக்கும். உள்ளே தொழிலாளர்கள் வரிசையாக உட்கார்ந்து சுருட்ட, மேடையில் ஒருவர் உரக்க வாசித்துக்கொண்டிருந்தார். பேப்பர் முடிந்தால் நாவல். இது 1860-களில் தொடங்கிய வழக்கம். மான்டிகிரிஸ்டோ என்ற சுருட்டுக்கு அந்தப் பெயர் வந்ததே இப்படி வாசித்த டூமாவின் நாவலால்தான் என்பார்கள்.

நானும் எங்கள் செகண்ட் எஞ்சினியரும் ஆளுக்கொரு பெட்டி வாங்கினோம். செரி டி நம்பர் 4, பெட்டிக்கு 25. அன்றிரவு டெக்கில் ஒன்றைப் பற்றவைத்தால் தொண்டை கமறியது. உள்ளே ஓர் அம்மோனியா வாடை. புதுச் சுருட்டு அப்படித்தான் இருக்கும். இலையைக் குவித்துப் புளிக்கவைத்துப் பதப்படுத்தினாலும் அந்த வேலை அதோடு முடிவதில்லை. சுருட்டிய பிறகும் உள்ளே மெதுவாக நடந்துகொண்டே இருக்கும். அம்மோனியா கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும், காரம் அடங்கும். புது அரிசிக்கும் பழைய அரிசிக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் சும்மா அலமாரியில் போட்டுவைத்தால் பழசாகாது, பாழாகும். ஈரப்பதம் 65 முதல் 70 சதவீதம், வெப்பம் 18 டிகிரி சுமார். நம் வெயிலில் இலைக்குள் இருக்கும் புகையிலை வண்டின் முட்டை பொரித்துவிடும். அதற்காகவே வைன் வைக்கும் சின்ன குளிர்ப்பெட்டி ஒன்று வாங்கினேன். கரண்ட் பில்லைப் பற்றி வீட்டம்மா சொன்னதை இங்கே எழுத முடியாது. சுருட்டுப் பெட்டியின் மரத்தை சிடார் என்கிறார்கள். உண்மையில் அது நம் வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. சுருட்டின் மேல் வெள்ளையாகப் பூத்தால் பதம் வந்துவிட்டது என்று சிலர் பெருமைப்படுவார்கள். பெரும்பாலும் அது வெறும் பூஞ்சணம்.

ஏறக்குறைய வருடத்துக்கு ஒன்று என்று பிடித்து வந்தேன். ஐந்தாம் வருடம் கமறல் போயிற்று. பத்து, பன்னிரண்டாம் வருடம்தான் உச்சம். முதலில் வறுத்த காப்பிக்கொட்டை, நடுவில் பழைய தோல், கொஞ்சம் கோகோ, கடைசியில் மிளகு. பற்றவைப்பதிலும் நிதானம் வேண்டும். தீக்குச்சியின் மருந்து எரிந்து முடிந்த பிறகு, தீ படாமல் சூடு மட்டும் படும்படி நுனியைச் சுற்றிக் காட்ட வேண்டும். நிமிடத்துக்கு ஓர் இழுப்பு போதும். அவசரப்பட்டால் சூடேறிக் கசந்துவிடும். இருபது தாண்டியதும் எல்லாம் மென்மையாகி, மணம் மட்டும் மிஞ்சிச் சுவை நழுவத் தொடங்கியது. முப்பது, நாற்பது வருடச் சுருட்டை ஏலத்தில் வாங்குகிறவர்கள் காசு கொடுப்பது தேதிக்குத்தான் என்பது என் கட்சி. (புகையை உள்ளே இழுக்காவிட்டாலும் வாய்ப் புற்றுநோய் வரும். டாக்டர் அந்த ஒன்றுகூட வேண்டாம் என்கிறார். அவர் சொல்வது சரிதான். இளைஞர்கள் யாரும் இதைப் படித்துவிட்டு ஆரம்பிக்க வேண்டாம்.)

செகண்ட் எஞ்சினியர் அன்றிரவு என் பெட்டியிலிருந்துதான் ஒன்று எடுத்துக்கொண்டான். தன் பெட்டியைப் பிரிக்கவே இல்லை. ரிட்டயர் ஆனதும் என்றான். பிறகு மகள் கல்யாணத்துக்கு என்றான். பிறகு பேரன் பிறக்கட்டும் என்றான். பேரன் பிறந்தான், அதற்குள் இவனுக்கு பைபாஸ். போன வருடம் போய்விட்டான். கருமாதி முடிந்து மகன் போன் பண்ணினான். "மாமா, அப்பாவோட சுருட்டுப் பெட்டி ஒண்ணு சீல் பிரிக்காம இருக்கு. நெட்ல பார்த்தா நல்ல விலை போகுது. வித்துடலாமா?"

அவன் கேட்டதில் தப்பில்லை. 2022-க்குப் பிறகு கியூபாச் சுருட்டின் விலை எங்கேயோ போய்விட்டது. நேரில் போய்ப் பார்த்தேன். பீரோவுக்குள், துணிகளுக்கு அடியில் இருந்தது. சீலை அறுத்து மூடியைத் திறந்தோம். ஒவ்வொரு சுருட்டிலும் ஊசியால் குத்தியதுபோல் ஓட்டைகள், அடியில் பழுப்புத் தூள். விரல் பட்டதும் மேல் இலை பொடிந்தது.

"இதைப் பத்தி அப்பா அடிக்கடி பேசுவாரு மாமா" என்றான் பையன். பெட்டியை மட்டும் துடைத்து எடுத்துக்கொண்டான், பேரன் பென்சில் போட்டுவைக்கட்டும் என்று.

என்னிடம் இன்னும் மூன்று இருக்கின்றன. அடுத்ததை இந்த மார்கழியில் பிடிப்பதாக இருக்கிறேன்.