அத்திவாரம் வெட்டுமுன்

வற்றாப்பளையில் வீடு கட்டுபவர் நூல் பிடிக்குமுன் நிலத்தைப் பார்க்க வேண்டும். 2009இல் இலங்கையின் இறுதிப்போர் முடிந்த நந்திக்கடல் கரை இது. கண்ணிவெடி அகற்றிய காணியிலும் வெடிக்காத குண்டு கிடக்கலாம். அலவாங்கு இரும்பில் தட்டினால் வேலையை அங்கேயே நிறுத்தி, ஆட்களை விலக்கி, பொலிசுக்கு அறிவிக்க வேண்டும். பழைய இரும்புதானே என்று கிளறுவது உயிரோடு விளையாடுவது.

2012இல் வடக்குக் கிழக்கில் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தில் வீடொன்றுக்கு 550,000 இலங்கை ரூபாய் தவணைகளாகக் கிடைத்தது. கட்டும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. கணவரை இழந்த பெண்களும் மேசனையும் கூலியாட்களையும் தாங்களே மேற்பார்வை செய்ய வேண்டியிருந்தது.

இங்கே கட்டுமானக் களம் என்பது பெரும்பாலும் குடும்பம் குடியிருக்கும் வளவேதான். ஒரு மூலையில் தகரக் கொட்டிலில் அடுப்பு எரியும். மறுமூலையில் மலசலகூடக் குழி வாய்பிளந்து கிடக்கும். குழியைச் சுற்றிக் கம்பு நட்டுக் கயிறு கட்ட அரை மணி நேரம் போதும். ஆணி நீட்டிய பலகைகளைப் பிள்ளைகள் ஓடும் பக்கம் போடக்கூடாது. சீமெந்துப் பைகளை நிலத்தில் படாமல் பலகைமேல் அடுக்கி, மாரிக்கு முன்பே மூடிவைக்க வேண்டும்.

இனி வரும் எந்த வீட்டுத்திட்டமும் முதல் தவணையிலேயே வேலிக்கும் குழிமூடிக்கும் தனியாகப் பணம் ஒதுக்க வேண்டும்.