மடிக்கணினிக்குக் குளிரும் ஆகாது, புழுக்கமும் ஆகாது



நாட்டை விட்டு வந்தபோது எம்மில் பலரிடம் இருந்தவை ஒரு பையும் சில கடதாசிகளும்தான். இன்று அந்தக் கடதாசிகளின் பிரதிகள், பிள்ளைகளின் படிப்பு, ஊரில் உள்ளவர்களின் படங்கள் எல்லாம் ஒரு மடிக்கணினிக்குள் இருக்கின்றன. அதைப் பேணும் முறையை நாம் பட்டுத்தான் அறிந்தோம்.

சென்ற தை மாதம் ரொறன்ரோவில் கடுங்குளிர். எங்கள் மகள் பஸ்ஸுக்கு நெடுநேரம் நின்றுவிட்டு வீட்டுக்கு ஓடிவந்தாள். வந்த கையோடு மடிக்கணினியைத் திறந்து போட்டாள். சில நிமிடங்களில் திரை அணைந்துவிட்டது. திருத்துபவர் உள்ளே ஈரம் என்றார். தண்ணீரே படவில்லையே என்று நாம் வாதாடினோம். குளிரிலிருந்து வீட்டுக்குள் வந்ததும் மூக்குக்கண்ணாடி மங்குகிறதல்லவா, அதே ஈரம்தான் என்றார் அவர். அம்மம்மாவின் கடைசிப் படங்கள் அதனுடன் போய்விட்டன.

ஆகவே வெளியிலிருந்து வந்ததும் மடிக்கணினியைப் பையை விட்டு எடுக்காதீர்கள். பையை மூடியபடி ஓரிரு மணிநேரம் வீட்டுச் சூட்டில் விடுங்கள். ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்து அவசரமாகச் சூடாக்க வேண்டாம். உறைநிலையில் இருக்கும் பற்றரியைச் சார்ஜ் செய்தால் அதன் ஆயுள் குறையும்.

கொண்டு போகும்போது மூடியை மட்டும் மூடுவது போதாது. முழுதாக நிறுத்துங்கள். இல்லாவிட்டால் பைக்குள்ளேயே அது விழித்துக்கொண்டு கொதிக்கும். மெத்தென்ற உறைக்குள் இட்டு, முதுகோடு ஒட்டிய அறையில் வையுங்கள். சார்ஜர் வேறு அறையில் இருக்கட்டும். சேர்த்து வைத்தால் அது அழுத்தித் திரை வெடிக்கும். சோற்றுப் பெட்டியும் தண்ணீர்ப் போத்தலும் வேறு பையில் போகட்டும். கறிக்குழம்பு ஒழுகினால் கணினி பிழைக்காது.

வீட்டில் எமது பிள்ளைகளுக்குக் கட்டில்தான் மேசை. போர்வையின் மேல் வைத்தால் அடிப்பக்கத்துக் காற்றுத் துளைகள் அடைபடும். உள்ளே இருக்கும் விசிறிக்கு மூச்சு முட்டும். மேசை இல்லாவிட்டால் ஒரு பலகையை மடியில் வைத்து அதன்மேல் வையுங்கள். சார்ஜில் போட்டபடி போர்வைக்குள் விட்டுவிட்டு உறங்குவது தீ ஆபத்து. துளைகளில் தூசி படிந்தால் துப்புரவாக்குங்கள். கோடையில் பூட்டிய காருக்குள் விட்டுச் செல்லவே வேண்டாம்.

அடிப்பாகம் உப்பியிருந்தால் பற்றரி பழுதாகிவிட்டது என்று அர்த்தம். அதன் பிறகு பாவிக்காதீர்கள், சார்ஜ் செய்யாதீர்கள், குத்தித் திறக்காதீர்கள். வீட்டுக் குப்பையிலும் போடாதீர்கள். பழைய பற்றரிகளை ஏற்கும் இடத்தில் ஒப்படையுங்கள்.

விமானப் பயணத்தில் மடிக்கணினியைக் கைப்பையிலேயே கொண்டு செல்லுங்கள். தனிப் பற்றரிகளை ஒப்படைக்கும் பெட்டியில் வைக்க அனுமதி இல்லை.

இவ்வளவு கவனித்தாலும் ஒருநாள் அது பழுதாகலாம். இன்றிரவே விசாரணைக் கடதாசிகளையும் குடும்பப் படங்களையும் ஒரு பென்டிரைவில் பிரதி எடுத்து வேறிடத்தில் வையுங்கள். கணினியை உழைத்து மறுபடி வாங்கலாம். எமக்கு அம்மம்மாவின் படங்களைத் தர எந்தக் கடையிலும் ஆளில்லை.